காசு ஒன்று, கவனிப்பு வேறு!
பெங்களூர் பார்களில் நம்மவர் படும் பாடு

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் மெஜஸ்டிக், கலாசிபாளையம், சிவாஜிநகர், அல்சூர் பகுதிகளில் உள்ள 'பார் அண்டு ரெஸ்டாரண்ட்'களில் உட்கார இடம் கிடைப்பது அரிது. வாரக் கூலி கைக்கு வரும் நாள் அது. மூட்டை தூக்குபவர், சென்ட்ரிங் வேலைக்காரர், பெயிண்டர், காவலாளி, கம்பெனி குமாஸ்தா எல்லோரும் அங்கே வருகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று ஊர்ப் பெயர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

குடிப்பது நல்லதா, கெட்டதா என்பது வேறு விவாதம். குடி குடியைக் கெடுக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்து நடக்கும் ஓர் இடத்தில், காசு கொடுத்து உட்காரும் ஒருவருக்கு ஒரு மாதிரியும், பக்கத்தில் இருப்பவருக்கு வேறு மாதிரியும் கவனிப்பு நடந்தால், அதைக் கேட்காமல் இருக்க முடியுமா?

தமிழில் இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. பந்தி வஞ்சனை! ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் இலையில் நெய்யும், மற்றவர் இலையில் வெறும் சோறும் விழுவது. கன்னடத்திலும் 'பங்க்தி பேதம்' என்று சொல்கிறார்கள். இரண்டு மொழிக்காரர்களும் பெயர் வைத்துக் கண்டித்த ஒரு குற்றம், இன்று பார்களில் தினமும் நடக்கிறது.

மாடிக்கு யார், கவுண்டருக்கு யார்?

சில மாதங்களுக்கு முன் நடந்த சம்பவம் இது. திருப்பத்தூர்ப் பக்கம் ஒரே தெருவைச் சேர்ந்த நான்கு பேர், ஒருவரது மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில், ஒரு பாரில் சந்திப்பதாக ஏற்பாடு. நால்வரில் ஒருவர் லாரி ஆபீஸ் குமாஸ்தா. ஒருவர் காவலாளி. ஒருவர் பெயிண்டர். நான்காமவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். வயதில் மூத்தவர் அவர்தான். வேலைக்குப் போகும் மகளைப் பெற்றவரும் அவர்தான்!

அவரே முதலில் வந்து சேர்ந்தார். லுங்கியும் சட்டையும் உடுத்தியிருந்தார். மாடியில் உட்காரப் போனவரை வாசலிலேயே நிறுத்தினார்கள். "மேலே இடம் இல்லை. கவுண்டர் பக்கம் நில்" என்று பதில் வந்தது. அவரும் நின்றார். கேட்டதற்கு, சுவர் ஓரத்துத் திண்டில் ஒரு பிளாஸ்டிக் தம்ளரை வைத்தார்கள்.

கால் மணி நேரம் கழித்துக் குமாஸ்தா வந்தார். இஸ்திரி போட்ட பேண்ட், காலில் ஷூ. "பன்னி சார்" என்று சொல்லி மாடிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பாதி மேசை காலி! கண்ணாடி தம்ளர், ஐஸ், ஒரு தட்டு காங்கிரஸ் கடலைக்காய், வெள்ளரித் துண்டு எல்லாம் கேட்காமலே வந்தன. காவலாளியும் பெயிண்டரும் வந்து சேர்ந்த பிறகுதான், பெரியவர் கீழே நிற்பது தெரிந்தது.

குமாஸ்தா இறங்கி வந்து, "ஏன்ணா, மேல வராம இங்கேயே நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"மேல இடம் இல்லன்னாங்க தம்பி."

விஷயம் புரிந்து குமாஸ்தா சத்தம் போட ஆரம்பித்ததும், பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு தம்பி, நல்ல நாள். ஊர்ல டீக்கடையில எங்க தம்ளர் கூரையில செருகி இருக்கும். எடுத்துக் கழுவிக் குடிச்சிட்டு, மறுபடி அங்கேயே செருகணும். அது வேணாம்னுதான் பதினெட்டு வயசுல இந்த ஊருக்கு ரயில் ஏறினேன். இங்கே யாரு என்னை சாதி கேட்டாங்க? யாரும் கேட்கல. ஆனா தம்ளர் மட்டும் வேறயா வந்திருச்சு" என்றார்.

அன்று நால்வரும் மாடிக்குப் போகவில்லை. மாடியில் வைத்ததற்குப் பில் வாங்கிப் பணம் கட்டிவிட்டு வெளியே வந்து, ஒரு மிலிட்டரி ஓட்டலில் பிரியாணி சாப்பிட்டுப் பிரிந்தார்கள். விருந்துக்குப் பணம் கொடுத்தவர் பெரியவர்தான்.

'பன்னி'யும் 'பாரோ'வும்

பெங்களூருக்குப் புதிதாக வந்த தமிழர், 'பன்னி' என்று யாராவது கூப்பிட்டால் கோபித்துக்கொள்வது வழக்கம். அது மரியாதைச் சொல், 'வாருங்கள்' என்று பொருள் என்று பழகியவர்கள் சொல்லிச் சமாதானப்படுத்துவார்கள். கோபப்பட வேண்டியது 'பாரோ' என்று கூப்பிட்டால்தான். அது 'வாடா'.

பாரில் நுழைந்த அடுத்த நொடியே எந்தச் சொல் வருகிறது என்பதை வைத்து, அன்றைய கவனிப்பு முழுவதையும் சொல்லிவிடலாம். 'பன்னி' என்றால் துடைத்த மேசை. 'பாரோ' என்றால் ஈர மேசை. 'பன்னி' என்றால் மெனு அட்டை வரும். 'பாரோ' என்றால் "என்ன வேணும், சீக்கிரம் சொல்" என்று கேள்வி வரும். ஒருவருக்குக் குடித்து முடித்த பிறகு பில். இன்னொருவருக்கு முதலில் காசு, பிறகுதான் சரக்கு!

கடன் வைத்துப் போன கனவான்

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1809-ல் பெங்களூரில் கண்டோன்மெண்ட் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து சிப்பாய், வியாபாரி, சமையற்காரர், கூலி என்று ஏராளமான தமிழர்கள் இங்கே வந்து குடியேறினார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப்பில் அவர்கள் தட்டு ஏந்தினார்கள். அங்கே உட்கார அவர்களுக்கு இடம் இல்லை.

அப்படி ஒரு கிளப்தான் இன்றைய பெங்களூர் கிளப். 1868-ல் தொடங்கியது. பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில், 1896-ல் இளம் ராணுவ அதிகாரியாக பெங்களூர் வந்தவர். அவர் இந்தக் கிளப்புக்கு வைத்துப் போன பாக்கி 13 ரூபாய். 1899-ம் ஆண்டுக் கணக்கில் அது வசூலாகாத தொகை என்று எழுதப்பட்டது. அந்தப் பேரேட்டை இன்றும் பெருமையோடு வைத்திருக்கிறார்கள்.

கனவான் கடன் வைத்தால் சரித்திரம்! கூலிக்காரர் 13 ரூபாய் குறைவாகக் கொடுத்தால் சட்டைக் காலரில் கை விழும்.

ரயில்வேயிலும் இந்தப் பாகுபாடு இருந்ததுதான். வெள்ளையர் ஆட்சியில் ஸ்டேஷன்களில் இந்துக்களுக்குத் தனித் தண்ணீர், முஸ்லிம்களுக்குத் தனித் தண்ணீர். தென்னாட்டு ரயில்வே ஓட்டல்களில் பிராமணருக்குத் தனியிடம், மற்றவர்களுக்குத் தனியிடம். பெரியாரும் அவர் இயக்கத்தாரும் தொடர்ந்து போராடிய பிறகு 1941-ல் தான் அந்தத் தனியிடம் ஒழிந்தது.

கர்நாடகத்தில் வேறொரு மாற்றமும் நடந்தது. 2007 ஜூலை 1 முதல் இந்த மாநிலத்தில் சாராயம் விற்பது நிறுத்தப்பட்டது. அதற்கு முன் கூலிக்காரருக்குச் சாராயக் கடை, பேண்ட் போட்டவருக்கு பார் என்று வாசலே வேறு வேறாக இருந்தது. சாராயக் கடைகள் மூடியதும், 90 மில்லி, 180 மில்லி மலிவு விலைச் சரக்குப் பாக்கெட்டுகளைத் தேடி எல்லோரும் ஒரே வாசலுக்கு வரும்படி ஆயிற்று. வாசல் ஒன்றாயிற்று. பிரிவினை வாசலுக்கு உள்ளே போய்விட்டது. கவுண்டர், சாதா ஹால், ஏ.சி. ஹால் என்று அதற்குப் புதுப் பெயர்கள்!

பரிமாறுபவர் கதை

இதில் முழுப் பழியையும் பரிமாறும் பையன்கள் மீது போடுவது நியாயமாகாது. அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலவே பிழைக்க வந்தவர்கள். ஹாசன், மண்டியா பக்கத்துக் கிராமத்துப் பையன்கள், ஒடிசாக்காரர்கள், நேபாளிகள், வடகிழக்கு மாநிலத்தார். தமிழர்களும் இருக்கிறார்கள்.

நின்றுகொண்டே பன்னிரண்டு மணி நேர வேலை. சம்பளம் சொற்பம். வீட்டுக்கு அனுப்பும் பணம் பெரும்பாலும் 'டிப்ஸ்' பணம்தான். எந்த மேசையில் ஐம்பது ரூபாய் வைப்பார்கள், எந்த மேசையில் சில்லறையை எண்ணி எடுத்துப் போவார்கள் என்று உடையையும் செருப்பையும் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். கண்ணாடி தம்ளர் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதால், கவுண்டரில் நிற்பவருக்குப் பிளாஸ்டிக் தம்ளர்.

"யாரை மேலே அனுப்ப வேண்டும், யாரைக் கீழே நிறுத்த வேண்டும் என்று முதலாளி சொல்லித்தான் வைத்திருக்கிறார். லுங்கி கட்டியவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மற்ற பார்ட்டிகள் வரமாட்டார்களாம். நான் என்ன செய்ய?" என்று கேட்கிறார், பல வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவர். ஊருக்குப் போனால் அவரும் லுங்கிதான் கட்டுகிறார்!

பரிமாறுபவர் வயிறு டிப்ஸை நம்பி இருக்கும் வரை, அவர் கண் வாடிக்கையாளரின் காலைத்தான் பார்க்கும். சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. அதை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதால் வரும் வினை இது.

அளவில் ஒரு கண்

கவனிப்பில் குறைந்தால் மனசு நோகும். அளவில் குறைந்தால் பையும் நோகும்.

சிறிய பெக் என்றால் 30 மில்லி. பெரிய பெக் என்றால் 60 மில்லி. இந்த அளவுக் கிண்ணங்கள் எடை அளவுத் துறையின் முத்திரை பெற்றிருக்க வேண்டும். 750 மில்லி பாட்டிலில் பெரிய பெக் பன்னிரண்டரை வரும். ஒவ்வொரு பெக்கிலும் 5 மில்லி மட்டும் குறைத்து ஊற்றினால், அதே பாட்டிலில் பதின்மூன்றரைக்கு மேல் வந்துவிடும். பாட்டிலுக்கு ஒரு பெக்கின் விலை சும்மா கிடைத்த லாபம். இந்தக் குறைச்சல் மாடி மேசையில் நடப்பதைவிட, கவுண்டர் ஓரத்தில் நடப்பது சுலபம். கேட்பவர் இல்லை என்ற தைரியம்தான் காரணம்.

இதற்கு எளிய வழி உண்டு. 180 மில்லி குவார்ட்டரை சீல் உடையாமல் கொண்டுவரச் சொல்லி, எதிரிலேயே திறக்கச் சொல்லலாம். பெக்காக வாங்கினால் கிண்ணத்தில் அளந்து ஊற்றச் சொல்லலாம். இதைக் கேட்பது சண்டை அல்ல, உரிமை.

விலையிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. பாட்டிலில் அச்சடித்த விலைக்கே பாரிலும் தர வேண்டும் என்று பலர் வாதாடுகிறார்கள். சில்லறைக் கடையில் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஆனால் உட்கார இடமும் பரிமாற ஆளும் உள்ள இடம் வேறு. ஓட்டல்களில் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சடித்த விலைக்கு மேல் வாங்குவது பற்றிய வழக்கில், 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ஓட்டல்காரர்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஏ.சி. ஹாலுக்கு ஒரு விலை, சாதா ஹாலுக்கு ஒரு விலை என்று மெனு அட்டையில் போட்டிருந்தால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. அட்டையில் ஒன்றும் பில்லில் வேறொன்றும் இருந்தால்தான் தவறு.

பில்லில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சாப்பாட்டுக்கு மட்டுமே உண்டு. மொத்தத் தொகைக்கும் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் திருத்தச் சொல்ல வேண்டும். இரண்டு, 'சர்வீஸ் சார்ஜ்'. இதைக் கட்டாயமாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவிட்டது. ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த உத்தரவு சரியே என்று 2025 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. டிப்ஸ் கொடுப்பதும் கொடுக்காததும் கொடுப்பவர் மனசு.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி, கடை, பொது உணவு விடுதி, ஓட்டல், பொழுதுபோக்கு இடம் ஆகியவற்றில் நுழைய எந்தக் குடிமகனுக்கும் தடை போடக் கூடாது என்கிறது. 'தமிழ்நாட்டான்' என்று சொல்லி ஒருவரை வெளியே நிறுத்தினால், பிறந்த இடத்தைக் காட்டி நிறுத்துவதாகத்தானே ஆகும்?

தீண்டாமையைக் காரணமாக வைத்துப் பொது உணவு விடுதியில் நுழைய விடாமல் தடுத்தாலோ, அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் செய்தாலோ, 1955-ம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும், 2015-ம் ஆண்டுத் திருத்தத்தில் இதைக் குற்றமாகச் சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால் உடையைக் காரணம் காட்டினால்? 15-வது பிரிவின் பட்டியலில் உடை இல்லை. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் கிளப், வேட்டி கட்டி வந்த ஹைகோர்ட் நீதிபதியையே உள்ளே விடவில்லை. நாடே கொதித்தது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டசபை சட்டம் கொண்டுவந்தது. வேட்டி கட்டியவரைப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க அதில் இடம் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் ஒசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்கு வராது!

இங்கேயும் உணர்வு இல்லாமல் இல்லை. 2024 ஜூலையில் மாகடி ரோட்டில் உள்ள ஒரு மாலில், வேட்டியும் தலைப்பாகையுமாக மகனோடு சினிமா பார்க்க வந்த ஒரு விவசாயியை உள்ளே விடவில்லை. கன்னட அமைப்பினரும் விவசாயிகளும் வேட்டி கட்டிக்கொண்டே போய் மறியல் செய்தார்கள். மால் ஏழு நாள் மூடப்படும் என்று அரசு அறிவித்தது. தடுக்கப்பட்டவர் கன்னடர், தடுத்த இடம் கன்னட நாடு. இது மொழிச் சண்டை அல்ல, எளியவரின் உடை மீதான இளக்காரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வாய் திறக்காத காரணம்

ஆனாலும் நம்மவர் ஏன் கேட்பதில்லை? பயம்தான். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் நடந்த கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவு எண் கொண்ட பஸ்கள் எரிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பாரில் குரலை உயர்த்தினால், பெக் தகராறு மொழித் தகராறாக மாறிவிடுமோ என்று அஞ்சி, குறைந்த அளவையும் கூடுதல் பில்லையும் விழுங்கிவிட்டு எழுந்து போகிறார்கள்.

அந்தப் பயம் பொய்யல்ல. அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. குடித்திருக்கும்போது வாக்குவாதம் வேண்டாம். பில்லை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வரலாம். மறுநாள் காலை, தெளிந்த தலையோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் கோர்ட் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, புகார் செய்பவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கையில் பில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் கொடுத்த காசு, கொடுக்காத காசு போலத்தான்.

நம் வீட்டுப் பந்தி?

கடைசியாக ஒரு வார்த்தை. பெங்களூரில் ஓட்டலும் பாரும் நடத்தும் தமிழர்களும் இருக்கிறார்கள். அங்கே லுங்கி கட்டியவருக்கு என்ன மரியாதை? நம் வீட்டுக் கல்யாணத்தில் மேளக்காரருக்கும் பந்தல் போட்டவருக்கும் எந்தப் பந்தியில் இலை விழுகிறது? இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் சொல்ல முடிந்தவர்தான் அடுத்தவரை நிமிர்ந்து கேட்க முடியும்.

குமாஸ்தாக்கள் சும்மா இருந்துவிடுவதும் நியாயமல்ல. ஷூ போட்டவர் கேட்டால் முதலாளி எழுந்து வந்து பதில் சொல்கிறார். லுங்கி கட்டியவர் கேட்டால் ஆளைக் கூப்பிட்டு வெளியே அனுப்புகிறார். தனக்குக் கிடைக்கும் அந்த மரியாதையைத் தன் ஊர்க்காரருக்காகச் செலவழிக்க வேண்டியது குமாஸ்தாவின் பொறுப்பு. ஒரே மேசையில் உட்கார்ந்த நாலு பேரில் ஒருவருக்கு மட்டும் தம்ளர் வேறாக வந்தால், அதை மாற்றச் சொல்ல வேண்டியவர் அந்த ஒருவர் அல்ல. மற்ற மூன்று பேர்.